பேய் வராத பேய் நாடகம்

ரேவதி அக்கா... உன் கதையை நாடகமாகப் போட்டுவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் திருவிழாவில். கடைசிவரை பேய் வரவே இல்லை. ஆனால் குமார் அண்ணன் இன்னும் பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை.

நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

வாசகர்களே, மன்னிக்க வேண்டும். கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. லீவு என்று பத்திரிகை ஆபீஸில் ஏதோ போட்டிருந்தார்கள். லீவெல்லாம் இல்லை. என் அக்கா இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அவ்வளவுதான்.

தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டுகிறேன், எஸ்டேட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ரோட்டில் நடப்பதை எழுதுகிறேன் – உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதுவே பெரிய வேலை. இதை எப்படி எழுதுவது? தெரியவில்லை. பேனாவை மூடியே வைத்திருந்தேன். இப்போது எழுத வருகிறது. காரணம், அந்த நாடகம்.

அக்காவுக்குப் பேய்க் கதை என்றால் அப்படி ஒரு பைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை. வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டுக்குள் ஒரே கம்பளிக்குள் நாங்கள் இரண்டு பேர். நடுவில் என் செல்போன். படம் ஓடும். அக்கா அதற்கு முன்னால் ஓடுவாள்.

"இப்பப் பாரு, பூனை குதிக்கும்."

பூனை குதிக்கும்.

"இப்ப மூஞ்சி கழுவுவா. நிமுந்து கண்ணாடியப் பாத்தா பின்னாடி நிப்பா."

நிற்பாள். மியூசிக் டமார் என்று காதைக் கிழிக்கும். நான் துள்ளி விழுவேன். அக்கா பொரி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசி அரை மணி நேரத்தில் தாடி வைத்த ஒருத்தர் வருவார் பாருங்கள், அப்போதுதான் அவளுக்குக் கோபமே வரும். செத்தது யார், எதற்குச் செத்தாள், எந்த மரத்தில், யார் காரணம் – எல்லாவற்றையும் அவர் உட்கார வைத்து விளக்குவார்.

"அட்ரஸ் ப்ரூஃப் மட்டுந்தாண்டா பாக்கி. அதையும் காட்டிட்டா பேய்க்கு ரேஷன் கார்டு வாங்கிடலாம். நம்மளையெல்லாம் என்னன்னு நெனைச்சுட்டு இருக்கறானுக? மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லீன்னா?"

ஒரே ஒரு படம் அவளை வாயடைக்க வைத்தது. அதில் ஓர் அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். தாலாட்டு இல்லை. மியூசிக் இல்லை. தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் மட்டும். கேமரா வீடு முழுக்கப் போகிறது, கொல்லைக்குப் போகிறது, கிணற்றடிக்குப் போகிறது... தூளிக்குள் மட்டும் போகவே இல்லை. படம் முடிந்துவிட்டது.

"தூளிக்குள்ள என்னடா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"கொழந்தை."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லையே! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா இரண்டு தடவை ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

புத்தகத்திலும் இப்படித்தான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் குவியலில் ஒரு மர்ம நாவல் வாங்கி வந்தாள். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. பாழடைந்த பங்களா, மாடியில் யாரோ நடக்கிற சத்தம், வேலைக்காரி படியேறிப் போகிறாள் – அதோடு கிழிசல். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பாவம் பார்த்து மேட்டுப்பாளையத்தில் அலைந்து முழுப் புத்தகம் பிடித்து வந்தேன். கடைசியில் என்ன தெரியுமா? சொத்துக்காகச் சித்தப்பா போட்ட வேஷம்!

"ஏண்டா வாங்கிட்டு வந்த? நல்லாப் பயந்துட்டு இருந்தேன்... கெடுத்துட்ட" என்று தலையில் கொட்டினாள்.

அப்போது எனக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. பேய்க் கதை என்றால் பேய் வேண்டாமா? ஒருநாள் கேட்டே விட்டேன். கொழுந்து மூட்டையை என் வண்டியில் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னாள். "நீ காட்டிட்டீன்னா அது உன்ற பேய். காட்டலீன்னா அவங்கவங்க ஊட்டுப் பேய். எது பயமா இருக்கும், நீயே சொல்லு."

இனி அவள் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் எஸ்டேட் பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும்.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரிசை உண்டு. நிரை என்போம். மேலிருந்து கீழே சரிவில் ஆள் நிற்பார்கள். திடீரென்று மூடுபனி இறங்கினால் பக்கத்து ஆள் தெரியாது. காட்டுமாடு நின்றாலும் தெரியாது. அதனால் மேல் நிரையில் இருப்பவள் "ஓய்..." என்று குரல் கொடுப்பாள். அடுத்தவள் "ஓய்". அதற்கடுத்தவள் "ஓய்". இப்படியே கீழே இறங்கிக் கடைசி ஆள்வரை போகும். கடைசி ஆள் மட்டும் "ஓய்... ஆச்சு!" என்பாள். ஆச்சு என்று கேட்டால் எல்லாரும் பத்திரம். கை மறுபடி கொழுந்துக்குப் போகும்.

எங்கள் ஆட்களில் கடைசி நிரை அக்காவுடையது. அதற்கு மேல் நிரை அம்மாவுடையது.

அக்காவின் கதை இதுதான். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசி நிரை கொடுக்கிறார்கள். அவளுக்குக் கீழே பள்ளம்தான். ஆள் நிற்க இடமில்லை. மூடுபனி இறங்குகிறது. குரல் மேலிருந்து வருகிறது. புதுப்பெண் "ஓய்... ஆச்சு!" என்கிறாள். அப்புறம், அவளுக்கும் கீழேயிருந்து... "ஓய்".

யாரோ விளையாடுகிறார்கள் என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். பனி விலகுகிறது. கீழே யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பனி. மறுபடி குரல் இறங்கி வருகிறது. புதுப்பெண் முறை. "ஓய்" என்கிறாள். ஆச்சு சொல்ல வாய் வரவில்லை. தான்தான் கடைசியா என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லையே! காத்திருக்கிறாள். கீழேயிருந்து "ஓய்". அதற்குப் பிறகும் ஆச்சு வரவில்லை.

மறுநாள் காலை. மேஸ்திரி டீ கேனோடு வருகிறார். எல்லாருக்கும் ஊற்றுகிறார். ஒரு டம்ளர் அதிகமாக ஊற்றி வைக்கிறார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முடிந்தது. நிஜமாகவே அவ்வளவுதான்! டீ நேரத்தில் அக்கா இதைச் சொல்லும்போது பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். "யாருடி அது கீழ?" அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அக்கா போன பிறகு அந்தக் கடைசி நிரையில் யாரும் நிற்கவில்லை.

இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாழ வேண்டிய வயதில் போனவள், அலைவாள் என்று லைனில் பேச்சு வந்துவிட்டது. மேஸ்திரி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒருத்திக்கு முழங்கால் வலி. இன்னொருத்திக்கு அந்தப் பக்கம் ரத்தம் குடிக்கிற அட்டை அதிகமாம். அட்டை எந்தப் பக்கம் இல்லை? அம்மா இருக்கும் இடத்தில் ரேவதி என்ற பேரே யாரும் எடுப்பதில்லை. பேரைச் சொன்னால் வந்துவிடுவாளாம்! தன் நிரையில் நின்றே இரண்டு நிரைக்கும் கொழுந்து பறித்துக்கொண்டு அம்மா வருவார், போவார்.

இந்த நேரத்தில்தான் குமார் அண்ணன் வீட்டுக்கு வந்தார். செல்போன் ரிப்பேர், மைக் செட், திருவிழா நாடக டைரக்‌ஷன் – எங்கள் லைனில் மூன்றும் அவர்தான்.

"பிரபு, இந்த வருஷம் நம்ம ரேவதி கதையைப் போடறோம். அவ ஞாபகார்த்தமா. சும்மா மெரட்டறோம் பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒருத்தர் அவள் பேரைச் சத்தமாகச் சொல்கிறாரே! சரிங்ணா என்றேன். அப்புறம்தான் அவர் மிச்சத்தைச் சொன்னார். பள்ளத்திலிருந்து வெள்ளைச் சேலையில் ஒரு பெண் ஏறி வருவாள். தலைவிரி கோலம். சிவப்பு பல்பு. ஃப்ளாஷ்பேக்கில் காதல் தோல்வி, ஒரு டூயட். கடைசியில் பூசாரி வந்து விபூதி போட்டு விரட்டுவார்.

"கோயமுத்தூர்ல புகை மெஷின் வாடகைக்குத் தராங்களாம்."

"ஏனுங்ணா, நம்மூரு மூடுபனியைப் பாக்கத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஜனம் காரெடுத்துட்டு வருது. நீங்க அங்கிருந்து புகை கொண்டாரீங்களா?"

"அட, அது எஃபெக்டுடா. ஜனத்துக்குப் புரியோணுமில்ல? பேய் எங்கேன்னு கேட்டா நான் என்ன பண்றது?"

உள்ளேயிருந்து அம்மா வந்தார். கையில் அரிசி முறம். "குமாரு, அந்த நாடகமே வேண்டாம்."

"அக்கா, ரேவதிக்கு மரியாதை பண்றோமுங்க்கா..."

"வெள்ளைச் சீலையில ஒருத்தி வந்து நின்னா ஜனம் யாரைப் பாக்கும்? எம் புள்ளையத்தான் பாக்கும். அப்பறம் அவளைப் பூசாரிய உட்டு வெரட்டுவீங்க. அதான் மரியாதையா?"

குமார் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் சொன்னபோது எனக்கு இது தோன்றவே இல்லை. மேடையில் ஒரு பேய் ஏறினால் அதற்கு ஒரு மூஞ்சி வந்துவிடும். அந்த மூஞ்சி என் அக்கா மூஞ்சிதான். லைனில் கிசுகிசுப்பதை நாங்களே மைக் வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்த நிரை ஆயுசுக்கும் காலிதான்.

நாடகமே போடாமல் விட்டால்? அப்போதும் அவள் பேர் வெளியே வராது. கதையும் அவளோடு போய்விடும்.

குமார் அண்ணன் கடைக்குப் போனேன். "அண்ணா, அவ சொன்னபடி போடுங்க. பேய் வேண்டாம், டூயட்டு வேண்டாம், பூசாரி வேண்டாம். டம்ளரோட முடிச்சிருங்க. இல்லீன்னா அவ பேரைப் போடாதீங்க."

"பேய் நாடகத்துல பேய் இல்லீன்னா கல்லெடுத்து அடிப்பாங்கடா."

"டீ நேரத்துல அத்தனை பேரு அந்தக் கதையைக் கேட்டிருக்காங்க. ஒருத்தராச்சும் புரியலீன்னு சொன்னாங்களா?"

அவர் ஒரு செல்போனைப் பிரித்தார். மாட்டினார். மறுபடி பிரித்தார். "கல்லடி உழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு உன்றது" என்றார். ஒத்துக்கொண்டாயிற்று! மேஸ்திரி வேஷம் அவருக்கே. கீழேயிருந்து வரும் "ஓய்" குரலுக்கு அக்காவின் தோழி சரசக்கா. படுதாவுக்குப் பின்னால் நின்று கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் காட்டக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன். "என்னமோ பண்ணுங்க. நான் பாக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் ஊர் நாடகம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இருட்டினால் கரடி வரும். அது டிக்கெட் வாங்காமல் முன் வரிசையில் உட்கார்ந்துவிடும். அதனால் அன்னதானம் முடிந்ததும் சாயங்காலமே ஆரம்பித்தோம். கோயில் திடலில் மேடை. எதிரே கீழே இறங்குகிற சரிவில், புல்மேட்டில் ஜனம். நான் மேடை ஓரத்தில், மைக் வயர் பிடிக்கிற வேலை. அம்மா சொன்னபடியே வரவில்லை. சரிவுக்கும் கீழே, குழாயடியில் அன்னதானப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

முதல் காட்சிக்கு ஜனம் சிரித்தது. மேஸ்திரி மீசை ஒரு பக்கம் தொங்கியது. "குமாரு, மீசை எறங்குது, புடி!" என்று ஒரு பாட்டம் கத்தல். முதல் "ஓய்" வந்தபோது யாரோ விசில் அடித்தார்கள். கல் எங்கேயிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டேன்.

அப்போது நிஜ மூடுபனி இறங்கியது.

வாடகை இல்லை, கரண்டு இல்லை. திடலுக்கு மேலே சவுக்குத் தோப்பில் தெரிந்தது, நிமிஷத்தில் மேடையை மூடிவிட்டது. முன் வரிசைக்கு மட்டும் நடிக்கிறவர்கள் நிழல் மாதிரி தெரிந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. விசில் நின்றுவிட்டது.

இரண்டாவது தடவை குரல் ஆரம்பித்தது. மேடையில் "ஓய்". அடுத்தவள் "ஓய்". புதுப்பெண் முறை வந்தது. "ஓய்" என்றாள். ஆச்சு சொல்லவில்லை. கதைப்படி காத்திருந்தாள்.

சரசக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜனத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "ஓய்".

கொழுந்து பறிக்கிற பெண்கள் இல்லையா? பனியில் இருக்கிறார்கள். குரல் வந்துவிட்டது. ஆச்சு வரவில்லை. அப்படியானால் தன் முறை! யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் "ஓய்". அவளுக்குக் கீழே இருந்தவள் "ஓய்". புல்மேட்டு மேலேயிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று... குரல் அப்படியே சரிவில் இறங்கிப் போகிறது. கடைசி வரிசையும் சொல்லியாயிற்று. அதற்குக் கீழே ஆள் கிடையாது.

கீழேயிருந்து, பனிக்குள்ளிருந்து, "ஓய்" என்று வந்தது.

அப்புறம் ஒன்றும் இல்லை. ஆச்சு வரவில்லை.

ஒரு குழந்தைகூட அழவில்லை. மைக்கில் இரைச்சல் மட்டும். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சரசக்காவுக்கும் தெரியும், என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரேவதி..." என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

குமார் அண்ணனைப் பாராட்ட வேண்டும். டீ கேனை எடுத்து வந்தார். எல்லாருக்கும் ஊற்றினார். ஒன்று அதிகமாக ஊற்றினார். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடிய சத்தம் நடிப்பு இல்லை. படுதாவை இழுத்தேன்.

கை தட்டல் இல்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் மேலே ஏறி வந்தது. இடுப்பில் பெரிய அண்டா.

"ஏனுங்க... யாரோ கொரலு குடுத்தாப்பல இருந்துச்சு? நாடகம் எப்ப ஆரம்பிக்குது?"

அம்மா!

முதலில் சரசக்கா சிரித்தாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் திடலே சிரித்தது. தரையில் விழுந்து சிரித்தார்கள். "பெரிம்மா, எங்க உசுரே போச்சுங்க!" "எம்மாடி, எம் புருசன் என்னைய உட்டுட்டு எந்திருச்சு ஓடப் பாத்தாரு!" குமார் அண்ணன் மீசை இல்லாமல் வந்து அம்மா காலில் விழாத குறை. "அக்கா, அடுத்த வருசமும் பாத்திரம் நீங்கதான் கழுவோணும்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னோம். அவரும் அண்டாவை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கா போன பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அதெல்லாஞ் சரிங்க பெரிம்மா. ஓய்ன்னீங்க, ஆச்சுன்னு ஏன் சொல்லலை? அதுலதான் எல்லாரும் செத்தோம்" என்றாள் சரசக்கா.

"நான் எங்க ஆச்சு சொல்லுவேன்? எனக்கடுத்து ரேவதிதானே."

சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்து, முந்தானையை எடுத்துக்கொண்டார்.

யாரும் பயப்படவில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்தப் பேரைக் கேட்டு ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ரேவதி ஆச்சு சொன்னால் அடுத்த எஸ்டேட்டுக்கே கேட்கும் என்றாள் ஒருத்தி. மேஸ்திரி திட்டினால் அவர் குரலிலேயே திட்டிக் காட்டுவாள் என்றாள் இன்னொருத்தி. முழங்கால் வலிக்காரி சொன்னாள்: "பொம்பளை எப்படி ஒரு கதையைப் பண்ணி வச்சுட்டுப் போயிருக்கறா பாருங்க. ஒண்ணையுங் காட்டலை, அத்தனையும் பாத்தோம்."

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் காட்டுகிற கதைக்கு நாம் தேவையே இல்லை. நாம் தூங்கினாலும் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். காட்டாமல் நிறுத்துகிற கதை அப்படி இல்லை. நம்மை நம்பி ஒரு இடத்தைக் காலியாக விடுகிறது. அந்த இடத்தில் முதலில் பயம் வந்து உட்காரும். கொஞ்சம் பொறுத்தால் பயத்துக்குப் பின்னால் இருப்பதும் வரும். அன்றைக்கு எங்கள் திடலில் வந்த மாதிரி.

எங்கள் லைனில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஜனத்துக்குப் புரியாது என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும், பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை கொழுந்து ஏற்ற வண்டியை நிறுத்தினேன். கடைசி நிரையில் சரசக்கா நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி கேட்கவில்லை, அவளாகவே போய் நின்றாளாம். "அட்டை இருக்குங்களா?" என்றேன். "போடா" என்றாள்.

இதை எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவ அலையறான்னு பேசறவங்க பேசட்டும். நீ பேப்பர்ல ஒண்ணு கேளு சாமி. படிக்கறவங்க அவளுக்காக ஒரு தடவை கும்புடச் சொல்லு" என்றார்.

கேட்டுவிட்டேன். கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, வீட்டு மூலையில் இருக்கிற படமோ – எதுவானாலும் சரி. இன்றைக்கு விளக்கேற்றும்போது எங்கள் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவள் நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேர் ரேவதி. சத்தமாகவே சொல்லுங்கள்.